பாலத்தின் கூரையும் மலைவழியின் வளைவும்

ஊர் காணச் செல்வோர் இருதிறத்தினர். கண்ணுக்கு இனியனவற்றைக் கண்டு மகிழ்ந்து மீள்வோர் ஒரு திறத்தினர். கண்டவற்றிற்குக் காரணம் வினாவி அறிந்து மீள்வோர் மற்றொரு திறத்தினர். முன்னையோர்க்குச் செலவு என்பது பொழுதுபோக்கு. பின்னையோர்க்கோ அது பாடம். அழகிய பொருளொன்றைக் காணுமிடத்து, 'இஃது எத்தேவை பற்றி எழுந்தது? அத்தேவை இன்றும் உளதா? அஃது ஒழிந்தபின் இதனைக் காப்பவர் யாவர்?' என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பப் பழகுவோமாயின், நாம் செல்லும் வழியே நமக்கு ஆசிரியனாகும். இதனை விளக்குதற்பொருட்டு, மேனாட்டார் பெரிதும் விரும்பிக் காணும் கூரைப் பாலங்களையும், நாமக்கல் மாவட்டத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலைமேற் செல்லும் வழியையும் ஈண்டு ஒருங்கு வைத்து ஆராய்வாம்.

கூரை யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியிலும், பென்சில்வேனியா, ஐயோவா முதலிய மாநிலங்களிலும், கனடாவைச் சார்ந்த நியூ பிரன்சுவிக்கிலும் நாட்டுப்புறச் சாலைகளில் மோட்டாரிற் செல்வோர், ஓடைகளின்மேல் மரவீடு போன்ற பாலங்களைக் காண்பர். இருபுறமும் பலகைச் சுவர், மேலே இருசரிவுக் கூரை, உள்ளே அரையிருள். இலையுதிர் காலத்தில் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் கொள்ளுங்கால், இப்பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு வருதற்கென்றே குடும்பத்தோடு புறப்படுவோர் பலர்.

பாலத்திற்குக் கூரை எதற்கு? வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்குதற்கு என்பர் சிலர். கீழே ஓடும் நீரைக் கண்டு குதிரைகள் மிரளாமைப்பொருட்டு என்பர் வேறு சிலர். பனியின் சுமை பாலத்தை முறிக்காமைப்பொருட்டு என்பாரும் உளர். முதலிரண்டும் கூரையால் விளைந்த நன்மைகளேயன்றிக் கூரை எழுந்த காரணம் ஆகா. மூன்றாவதோ உண்மைக்கு மாறானது. பனிக்காலத்தில் அந்நாட்டார் சக்கரமில்லாச் சறுக்கு வண்டிகளிற் சென்றனர். வெறும் பலகைமேல் அவ்வண்டி எளிதில் ஓடாது. ஆதலின், வெளியே கிடந்த பனியை வாரிக் கொணர்ந்து பாலத்தினுள்ளே பரப்புவதும் அக்காலத்தில் ஒரு வேலையாக இருந்தது. பனிக்கு அஞ்சிக் கூரையிட்டவர் பனியை உள்ளே கொண்டு கொட்டுவரோ?

உண்மைக் காரணம் மரத்தின் இயல்பிலே உளது. நனைந்த மரம் விரைவில் உலருமாயின் கெடுவதில்லை. ஈரம் நீங்காது தங்குமாயின் பூசணம் பற்றி உளுத்துப்போம். பாலத்தின் உத்தரங்களும் சாய்வுச் சட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுகளிலேதான் மழைநீர் தங்கும். பாரம் முழுவதையும் தாங்குவனவும் அம்மூட்டுகளே. எனவே, திறந்துகிடக்கும் மரப்பாலம் பத்து இருபது ஆண்டுகளில் நலிவுறும். கூரையும் பக்கப் பலகையும் உடையதோ நூறாண்டு கடந்தும் நிற்கும். பிலடெல்பியா நகரத்தில் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் திமொத்தி பாமர் என்பார் அமைத்த மரப்பாலத்திற்கு, நீதிபதி ரிச்சர்டு பீட்டர்ஸ் என்பாருடைய தூண்டுதலால் 1805ஆம் ஆண்டிற் கூரையிடப்பட்டது. அந்நாட்டுக் கூரைப் பாலங்களுக்கு அதுவே முன்னோடி. கூரையோ பலகையோ பழுதுற்றால் அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளிருக்கும் எலும்பு கெடாது.

அவ்வெலும்பின் அமைப்பும் அறியத்தக்கதே. நான்கு சட்டங்களாலான சதுரம் ஒன்றை மூலையிற் பற்றி அழுத்தினால் அது கோணிப்போம். மூன்று சட்டங்களாலான முக்கோணமோ சட்டம் முறிந்தாலன்றி உருமாறாது. வடிவகணிதத்தில் நாம் ஏட்டளவிற் கற்கும் இவ்வுண்மையை அந்நாட்டுத் தச்சர் பாரந்தாங்க வைத்தனர். தியடோர் பர் என்பார் முக்கோணச் சட்டங்களோடு பெரிய மரவளைவையும் இணைத்து 1817இல் உரிமை பெற்றார். இதியேல் டவுன் என்பார் பலகைகளைச் சாய்வாகக் குறுக்கிட்டுப் பாய்முடைந்தாற்போல் அமைக்கும் முறைக்கு 1820இல் உரிமை பெற்றார். பெரிய மரங்கள் கிடையாவிடத்தும் சிறு பலகைகளைக் கொண்டே பாலம் அமைத்தற்கு இம்முறை வழி செய்தது. கனெக்டிகட் ஆற்றின்மேல் நியூ ஹாம்ஷயர், வெர்மாண்டு என்னும் இரு மாநிலங்களை இணைத்து 1866இல் எழுந்த கார்னிஷ்-வின்சர் பாலம் ஏறத்தாழ 137 மீட்டர் நீளமுடையது. இன்றும் மோட்டார் வண்டிகளைத் தாங்குகின்றது. நியூ பிரன்சுவிக்கில் 1901இல் திறக்கப்பெற்று 1922இற் கூரையிடப்பெற்ற ஹார்ட்லண்டு பாலம் 391 மீட்டர் நீளமுடையது. உலகத்துக் கூரைப் பாலங்களுள் அதுவே நெடியது.

இதனாற் பெறப்படுவது யாது? கூரை வழிப்போக்கனுக்காக எழுந்ததன்று, பாலத்திற்காகவே எழுந்தது. நாம் கண்டு மயங்கும் அழகு, ஒரு தச்சன் தன் மரத்தைக் காத்தற்குச் செய்த ஏற்பாடேயாம்.

நமக்கு அண்மையில்

கூரைப் பாலம் மேனாட்டிற்கே உரியதன்று. இலங்கையில், நம் தமிழ்மக்கள் தேயிலைத் தோட்டங்களிற் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பதுளைப் பகுதியில், போகொட என்னுமிடத்தில் ஒரு பழைய கூரைப் பாலம் உளது. பௌத்த விகாரை ஒன்றன் அருகே, ஓடையொன்றன் குறுக்கே, முழுதும் மரத்தால் அமைந்து, ஓடு வேய்ந்த கூரையோடும் கடைசற் கைப்பிடிகளோடும் அது நிற்கின்றது. பழைய நடைவழியிற் சென்றோர் கடத்தற்கும் இளைப்பாறுதற்கும் அது பயன்பட்டது. மழை மிகுந்த மலைநாட்டில், மரமே எளிதிற் கிடைக்கும் பொருளாக, அங்கும் அதே தேவை அதே விடையைப் பெற்றமை காண்க.

தமிழகத்துச் சமவெளியில் நிலைமை வேறு. நம் ஆறுகளிற் பல, ஆண்டிற் பெரும்பகுதி மணற்பரப்பாய்க் கிடந்து, சின்னாட்கள் மட்டும் கரைபுரண்டு ஓடுவன. மரத்தைத் தின்னும் கறையானுக்கோ குறைவில்லை. கருங்கல்லோ குன்றுதோறும் உளது. ஆதலின் நிலைத்து நிற்றற்குரிய பாலத்தை நம்மவர் கல்லாலும், பிற்காலத்தில் இரும்பாலும் காரையாலும் அமைத்தனர். நடந்து செல்வோர்க்கு நிழல் வேண்டுமிடத்துச் சாவடி கட்டினர். தலைச்சுமையோடு செல்வோன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் கூடிய உயரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்திச் சுமைதாங்கி அமைத்தனர். சூலோடு மாண்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாட்டில் உளது. தான் சுமந்த பாரத்தை இறக்காமற் சென்றவள் பெயரால், வழிச்செல்வோர் பாரம் இறங்கட்டும் என்பது கருத்து. மேனாட்டுக் கூரைப் பாலத்திற்கு எவ்வகையினும் குறையாத சரித்திரம் அக்கல்லுக்கு உண்டு. அதனைக் காணுதற்கென மோட்டார் ஏறிப் புறப்படுவார் மட்டும் இலர்.

பேளுக்குறிச்சியிலிருந்து

இனி, நம் வழிக்கு வருவாம். பேளுக்குறிச்சி கொல்லிமலையின் மேற்கடிவாரத்தைச் சார்ந்த ஊர். அருகே கூவைமலைமேல் முருகவேள் வேடக்கோலத்தில் எழுந்தருளிய பழனியாண்டவர் கோயில் உளது. ஆயினும் இவ்வூர்ப் பெயரை நாலாபுறமும் பரப்பியது இதன் சந்தையே. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் முதலிய மளிகைச் சரக்குகளை ஆண்டிற்கு வேண்டுமளவு ஒருசேர வாங்கிச் செல்ல நெடுந்தொலைவிலிருந்தும் இல்லறத்தார் இங்கு வருவர். மலையும் சமவெளியும் பண்டமாற்றும் இடத்தில் சந்தை பிறக்கும். சந்தை பிறந்தவிடத்து வழி பிறக்கும். இது பொருளாதார நூலின் பாலபாடம்.

இங்கிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் சென்றாற் காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடையலாம். இடப்புறம் மலை நெடுஞ்சுவர்போல் உடன் வரும். வயல்களிற் பருவத்திற்கேற்ப நெல்லும் நிலக்கடலையும் மரவள்ளியும் காணப்படும். காரவள்ளியில் ஏற்றம் தொடங்கும். அங்கிருந்து சோளக்காடு சேருமுன் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் பொறித்த பலகை நாட்டப்பட்டுள்ளது. இளைஞர் அவ்வெண்களை உரக்க எண்ணிக்கொண்டே ஏறுவர். எண்ணுவது நன்று; ஏன் எழுபது என வினாவுவது அதனினும் நன்று.

வளைவு எதற்கு?

கணக்கொன்று செய்து பார்ப்பாம். அடிவாரத்திலிருந்து மேட்டுநிலம்வரை ஏற வேண்டிய உயரம் 1000 மீட்டர் எனக் கொள்க. வண்டி வருந்தாமல் ஏறுதற்கு, இருபது மீட்டர் முன்செல்ல ஒரு மீட்டர் உயரும் சரிவு தக்கது என வைப்பின், 1000 மீட்டர் உயர்தற்கு 20,000 மீட்டர், அஃதாவது 20 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை வேண்டும். மலைமுகமோ அத்துணை அகலமுடையதன்று. ஆகவே பொறியாளர், நீண்ட நாடாவை மடித்து மடித்துச் சிறுபெட்டியுள் அடக்குவார்போல, அந்நீளத்தை மலைமுகத்தில் மடித்து வைத்தனர். ஒவ்வொரு மடிப்பும் ஒரு வளைவு. கூரை பாலத்திற்காக எழுந்தவாறே, வளைவும் காட்சிக்காக அன்றிச் சரிவுக்காகவே எழுந்தது. வளைவிற் கிடைக்கும் காட்சி நாம் கேளாமற் பெற்ற கொடை.

மலைவழிக்கும் மரப்பாலத்திற்கும் பொதுப்பகை ஒன்றுண்டு, அதுவே நீர். பெருமழையில் மலைமேலிருந்து இறங்கும் வெள்ளம் சாலையின் குறுக்கே பாயுமாயின், மண்ணை அரித்து ஓரத்தைச் சரித்துவிடும். அதனைத் தடுத்தற்கு மலைப்புறமாக ஓர் ஓடைக்கால் வெட்டியிருப்பர். அது கொணரும் நீரைச் சாலைக்கு அடியிற் கடத்திப் பள்ளத்தில் விடுதற்குச் சிறுபாலங்கள் கட்டியிருப்பர். பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர் எழுப்பி, மண்ணுள் ஊறிய நீர் வெளிவரச் சுவரில் துளைகள் விட்டிருப்பர். சருகும் கல்லும் அடைத்துக்கொண்ட ஒரு சிறுபாலம், ஓரிரவு மழையிற் பெருஞ்சாலையை வீழ்த்திவிடும். ஆதலின், காட்சிமுனையில் நின்று படம் எடுப்போர், அக்காலைத் தூர்வாரும் சாலைப் பணியாளரையும் நன்றியோடு நோக்குதல் தகும். பாலத்தின் கூரையை ஒட்டும் தச்சனுக்கு இவர் உடன்பிறந்தார்.

இவ்வழியில் வண்டி செலுத்துவோர் கைக்கொள்ளற்பாலன சில உள. குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிடல் வேண்டும். இது மலைச்சாலைகளுக்குச் சட்டம் விதித்த முறை. இறங்குங்கால் ஏறியபோது இட்ட கியரிலேயே இறங்குதல் வேண்டும். இடைவிடாது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறித் தன் வலியை இழக்கும். வளைவுதோறும் ஒலியெழுப்புக, வளைவில் முந்தற்க.

மலைமேல்

மேலேறியபின் காற்றும் நிறமும் மாறும். செம்மேடு என்னும் ஊரில் வல்வில் ஓரியின் சிலை நிற்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி இம்மலைக்குத் தலைவன். அவனைத் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்கு ஈந்தான் என்பது சங்க இலக்கியங்களால் அறியப்படும். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் ஓரிக்கு விழா எடுக்கப்படுகின்றது. அப்பாற் செல்லின் அறப்பளீசுரர் கோயிலை அடையலாம். அருகே ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகள் இறங்கினால், ஐயாறு அருவியாய் வீழும் ஆகாய கங்கையைக் காணலாம். அந்நீர் மலையிறங்கித் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் வெளிப்படுகின்றது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு எனப் பல நாடுகளாக இம்மலை பகுக்கப்பட்டுள்ளது. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர்.

மோட்டார்ச் சாலை அமைவதன்முன் இவர்கள் மலையிறங்கியவாறு யாது? காட்டினூடே சென்ற செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளே வழி. மிளகும் பலாவும் தலைச்சுமையாய் இறங்கின. உப்பும் துணியும் தலைச்சுமையாய் ஏறின. நோயாளியையும் பேறுகாலத்துப் பெண்ணையும் டோலி கட்டித் தூக்கி இறங்க வேண்டும். 1913இல் ஜெசி பிராண்டு என்னும் ஆங்கிலேய மிஷனரி தம் மனைவி ஈவ்லினோடு இம்மலையிற் குடியேறியபோது, அவ்வம்மையார் டோலியிலேயே ஏற்றப்பட்டார். அவர்தம் மகன் பால் 1914இல் இம்மலையிற் பிறந்து, பிற்காலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை முறையால் நிமிர்த்தும் மருத்துவராய்ப் புகழ்பெற்றார். தந்தையாரோ 1929இற் காய்ச்சலுற்று இம்மலையிலேயே உயிர்நீத்தார். பிறர் நோய்க்கு மருந்து கொணர்ந்தவரே மருத்துவமனைக்கு எட்டாத் தொலைவில் மாண்டார் என்பதை எண்ணும்போதுதான், எழுபது வளைவுகளின் விலை நமக்கு விளங்கும்.

வழி தந்ததும் கொண்டதும்

சாலை தந்தவை பல. பிணியாளர் இன்று வண்டியில் இறங்குகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். அன்னாசியும் வாழையும் மிளகும் காப்பியும் அழுகுமுன் சந்தை சேர்கின்றன. இவற்றைக் குறைகூறுவார் மலையேறிச் சுமை சுமந்தறியாதார்.

ஆயினும் வழி இருபுறமும் செல்வது. முன்னாளில் இம்மக்கள் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைத் தமக்கென விளைத்து உண்டனர். சாலை வந்தபின், சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கை எளிதில் இறக்க முடிந்தது. கையிற் பணமும் புழங்கிற்று. நிலம் கிழங்குக்குப் போயிற்று, சிறுதானியம் சுருங்கிற்று. வீட்டுக்கு வேண்டும் அரிசி கீழிருந்து ஏறலாயிற்று. சாமையைக் குத்திப் புடைக்கும் கடும் உழைப்பிலிருந்து பெண்கள் விடுதலை பெற்றதும் இதற்கு ஒரு காரணம். பல தலைமுறைகள் தெரிந்தெடுத்துக் காத்த விதைவகைகள் மறையும் நிலை எய்தின. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் விதைகளைத் திரட்டியும், சிறிய அரைவை இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களுக்கு அளித்தும் சிறுதானியத்தைக் காக்க முயன்றுவந்துளது. உமி நீக்கும் உழைப்பைக் குறைத்தாலன்றி விதையைக் காத்தல் அரிது என்னும் உணர்வு இம்முயற்சியில் உள்ளமை பாராட்டத்தக்கது. காத்தற்குரியதைக் காக்க வேண்டுமாயின், அதனைச் சுமப்பாருடைய பாரத்தை முதலில் இறக்கல் வேண்டும். சுமைதாங்கிக் கல் நமக்குச் சொல்வதும் அதுவேயன்றோ?

காப்பவர் யாவர்?

நாம் தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாம் வினா எஞ்சி நிற்கின்றது. அமெரிக்காவில் முன்னாளிற் பல்லாயிரமாக இருந்த கூரைப் பாலங்கள் இன்று ஆயிரத்திற்கும் குறைவு. இரும்பும் காரையும் வந்தபின் அவற்றின் தேவை ஒழிந்தது; வெள்ளமும் நெருப்பும் புறக்கணிப்பும் எஞ்சியவற்றைத் தின்றன. ஐயோவா மாநிலத்து மாடிசன் கவுண்டியில் 19 பாலங்கள் இருந்தன, நிற்பன ஆறே. அவற்றுள் சீடர் பாலம் 2002இலும் 2017இலும் தீக்கிரையாயிற்று. ஊரார் இருமுறையும் அதனைப் புதுக்கினர். சுவிட்சர்லாந்தில் லூசர்ன் நகரத்து 14ஆம் நூற்றாண்டுக் கூரைப் பாலம் 1993 ஆகஸ்டில் எரிந்தது. அதன் கூரைக்கடியில் இருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களிற் பெரும்பகுதி சாம்பலாயின. அடுத்த ஆண்டே பாலம் புதுக்கித் திறக்கப்பட்டது. எரிந்தது பாலமே; அளவும் வரைபடமும் மக்கள் அன்பும் எரியவில்லை. ஆகலின் மீண்டும் எழுந்தது.

நம் பழைய வழிகள் நெருப்பின்றியே மறைகின்றன. டோலி இறங்கிய ஒற்றையடிப் பாதைகளிற் புதர் மண்டுகின்றது. அவற்றில் இன்ன திருப்பத்திற்கு இன்ன பெயர், இன்ன பாறையடியில் ஊற்று, இன்ன மரத்தடியிற் சுமையிறக்கம் என்று அறிந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். சாலை அகலமாக்கப்படும்போது சுமைதாங்கிக் கற்கள் புரட்டப்பட்டு எவர் வீட்டிற்கோ படிக்கல்லாகின்றன. வரைபடமும் இல்லை, குறிப்பும் இல்லை. மறைந்தபின் மீட்டெழுப்புதற்கு வழியும் இல்லை.

மாணவ நண்பர்காள்! அடுத்த விடுமுறையில் கொல்லிமலைக்குப் புறப்படுவோர், படம் பிடிக்கும் கருவியோடு ஒரு குறிப்பேடும் அளவுநாடாவும் கொண்டு செல்க. வழியில் எதிர்ப்படும் ஒரு பழைய சிறுபாலத்தையோ சுமைதாங்கியையோ அளந்து, இடம் குறித்து, படம் வரைந்து வருக. மலைமேல் வாழும் முதியவர் ஒருவரிடம் வணக்கத்தோடு அமர்ந்து, 'ஐயா, சாலை வருமுன் தாங்கள் சந்தைக்கு எவ்வழி இறங்கினீர்கள்?' என்று கேட்டு, அவர் கூறும் இடப்பெயர்களை அவர் கூறியவாறே எழுதி வருக. கணிதம் பயில்வோர் இரண்டு வளைவுகளுக்கிடையே உள்ள உயரத்தையும் நீளத்தையும் அளந்து சரிவைக் கண்டறிக. பொருளாதாரம் பயில்வோர் பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு படி மிளகு மலையிலிருந்து எத்தனை கை மாறி வந்தது என்று வினாவி அறிக. இவற்றை யெல்லாம் தொகுத்துக் கல்லூரி நூலகத்தில் வைப்போமாயின், மறையும் வழிக்கு நாம் ஒரு கூரை வேய்ந்தவராவோம்.